காயலான் கடைக்குப் போன தகரம்

வலது பக்கத்தில் நான் வெட்டி எறிந்த தகரத் துண்டு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. உள்ளங்கை அகலம், ஒன்றரைச் சாண் நீளம். கட்டிங் மெஷினின் தீப்பொறி அடங்கி அது சிமென்ட் தரையில் விழுந்தபோது மல்லாந்து கிடந்தது. இவ்வளவு காலம் பட்டிக்கும் நான்கு அடுக்கு பெயிண்டுக்கும் அடியில் வெளிச்சம் பார்க்காமல் இருந்த உட்பக்கம் அன்றைக்கு மேலே வந்துவிட்டது. மஞ்சள் பூச்சின்மேல் சிவப்பில் 'ணெய்' என்று இரண்டு எழுத்து. ஏதோ ஒரு எண்ணெய் டின். யாரோ அதை வெட்டி, விரித்து, தட்டி நிமிர்த்தி, இந்தக் காரின் ஓட்டையை அடைத்திருக்கிறார். எழுத்து உள்ளே போகும்படி திருப்பிவைத்து ரிவெட் அடித்திருக்கிறார். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு மேற்கொண்டு வெட்டினேன். அந்த வாரமே மற்ற துருத் தகரங்களோடு சாக்கில் கட்டி, மலைக்கு வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து இடது பக்கத்தைப் பிரித்தபோதுதான், செய்த காரியம் என்னவென்று எனக்கே உறைத்தது. அதிலிருந்து, இரவில் மழைச் சத்தம் கேட்டு விழிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு எழுத்து முன்னால் வந்து நிற்கிறது.

வண்டி 1966-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காப்பித் தோட்டத்தில் பலாமரத்தடியில் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக நின்றது. தோட்டக்காரக் குடும்பம் கீழே இறங்கிப் போன பிறகு அதைத் தொட ஆளில்லை. நான் போய்ப் பார்த்த அன்று டிக்கியைச் சுற்றி மிளகுக் கொடி படர்ந்திருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகரப் பள்ளத்தில் பலா இலை விழுந்து விழுந்து மக்கி, கைநிறைய அள்ளும் அளவுக்குக் கரிய எருவாகியிருந்தது. அந்த எருதான் காரைத் தின்றது. மழை நின்ற பிறகும் நீரைப் பிடித்துவைத்து, தகரத்தைக் காயவே விடாமல் வருடக்கணக்கில் நனைத்துக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதத்தில் இங்கே கொடியில் போட்ட துணி காய நான்கு நாள் ஆகும். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து புத்தகத்தின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் நின்ற கார். கதவைத் திறந்தபோது அழுகின பலாவும் எலிப்புழுக்கையும் பழைய ரெக்சினும் சேர்ந்த ஒரு நெடி வந்தது. எத்தனை தடவை கழுவியும், வெயில் ஏறினால் அந்த நெடியில் பலாவாசம் மட்டும் இன்றைக்கும் எழுகிறது. நான் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். துருவின் சமன்பாட்டை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கையால் அதைச் சுரண்டியது இந்த வண்டியில்தான்.

ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பழைய மோகம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் படம் பார்த்தேன். இரண்டே இருக்கை, தரையோடு தாழ்ந்த உடம்பு, திறந்த மேல்பாகம். 1962-ல் இங்கிலாந்தில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோயிருந்த நம் நாட்டில் அதைச் சாலையில் பார்ப்போம் என்று நினைக்கவே முடியாது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஸ்பிட்ஃபயரின் எலும்பு நம் ஊர் ஹெரால்டின் எலும்புதான் என்று. ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி அதன்மேல் எழுப்பியது அது. இரண்டின் உருவத்தையும் வரைந்தவர் இத்தாலியில் டுரின் நகரத்துக்காரரான ஜியோவானி மிகெலோட்டி. முன்பக்க மூடி, சக்கர வளைவுகளையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்குமே, இஞ்சினுக்குப் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே, அந்த வசதி இரண்டுக்கும் பொது. ஹெரால்டின் கூரையும் போல்ட்டில் நிற்பதுதான். கழற்றி எடுத்துவிட்டால் திறந்த கார். ஆரம்பத்தில் என் எண்ணம் அப்படித்தான் ஓடியது. பலாப்பழம் விழுந்து குழிந்திருந்த கூரையைக் கழற்றிப்போட்டுவிட்டு, இந்த மலையில் ஒரு ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்ப்பது. இந்த ஆசையைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தகரத்தை நான் ஏன் அவ்வளவு அலட்சியமாக எறிந்தேன் என்பது விளங்காது. என் கண்ணில் அப்போது ஹெரால்டு இல்லை. ஹெரால்டுக்குள் ஒளிந்திருந்த வேறொரு வண்டி இருந்தது.

போல்ட்டு போட்டு உடம்பைச் சேர்க்கும் இந்த வடிவமே ஒரு நெருக்கடியில் பிறந்ததுதான். 1950களில் இங்கிலாந்தில் கார் கம்பெனிகள் தனிச் சேசிஸை விட்டுவிட்டு, உடம்பும் சட்டமும் ஒன்றான வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ட்ரையம்ஃப் கார்களையும் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பை அடித்துத்தர ஆள் இல்லாமல், பல ஆலைகளில் துண்டு துண்டாகச் செய்து ஒரு சேசிஸ்மேல் முடுக்கிக்கொள்ளும்படி ஹெரால்டை வடித்தார்கள். 1959-ல் அங்கே வந்தது. கழற்றி மாட்டும் வண்டி என்பதால் வேறு நாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் அது தோதாக இருந்தது. சென்னையில் 1948-லேயே தொடங்கியிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961-லிருந்து ஹெரால்டு செய்தது. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையாது. அது நம் ஆலையில் மட்டும் பிறந்தது. பிறகு கெஸல், அதற்கும் பிறகு ஸ்டாண்டர்டு 2000, 1988-ல் ஆலை மூடல். அந்தக் கதையை வேறு யாராவது எழுத வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கம்பெனி தனக்கு வாய்க்காததைத் துண்டுகளால் ஈடுகட்டியது. அந்தத் துண்டுகளை இங்கே இருந்தவர்கள் இன்னும் சின்னத் துண்டுகளால் ஈடுகட்டினார்கள். என் கையில் வந்து சேர்ந்தது அந்த ஈட்டின் கடைசிக் கண்ணி.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் காரை யாரோ பல வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறார். அதை நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. இஞ்சின் 948 சி.சி. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். லாரிக்காரர்கள் ஒரு தடவை பின்னால் எடுத்து மறுபடி வளைக்க வேண்டிய திருப்பத்தில் ஹெரால்டு ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். இறக்கம்தான் ஆபத்து. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து தனித்தனியே ஊசலாடும் அச்சில் நிற்பதால், வளைவில் வேகம் மிஞ்சினால் சக்கரம் உள்ளே மடங்கிக் காரின் பின்பக்கத்தைத் தூக்கும். சோழவரம் விமானத்தளத்துக் கார்ப் பந்தயங்களில் ஹெரால்டு ஓட்டியவர்கள் இதையெல்லாம் தெரிந்து ஓட்டினார்கள். தோட்டத்துச் சாமானும் பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கியவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? பிந்திய வண்டிகளில் இந்த அச்சையே கம்பெனி மாற்றிவிட்டது. இந்த வண்டியில் பழைய அச்சுதான். அடிச்சட்டத்தில் கல் உரசிய கீறல்கள் நீளநீளமாக இருக்கின்றன. துருவைக் கழுவியபோது அந்தக் கீறல்களும் போய்விடுமோ என்று பயந்தேன். சில போயின.

துருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பள்ளியில் அதை ஒரு கெடுதலாகவே சொல்லிக்கொடுத்தேன். இரும்பு, காற்று, நீர், இவ்வளவுதான். துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், வீங்கிப் பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்திலும் இதே மாதிரி ஆக்சைடு உண்டாகிறது, ஆனால் அது தோல்போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. இந்த மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட்டு வெட்டிக்கொண்டு போன காலம் உண்டு. அலுமினியத்தின் தாதும் இரும்பின் ஆக்சைடும் ஒரே மண்ணில் கலந்து கிடக்கின்றன. அந்த மண்ணின் சிவப்பு, துருவின் சிவப்புதான். செம்மேடு என்று பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். காருக்கு அடியில் கோரைப்பாய் விரித்துப் படுத்து வயர் பிரஷ்ஷால் தேய்க்கும்போது முகத்தில் உதிரும் தூளையும் முற்றத்து மண்ணையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. சேலத்துக் கஞ்சமலையிலும் அதைச் சுற்றிய குன்றுகளிலும் கிடைத்த இரும்புத்தாதை நம்பித்தான் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் உருக்கு உலை வைத்தார். மண்ணிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து இரும்பாக்க எவ்வளவு மரம், எவ்வளவு கரி, எவ்வளவு மூச்சு! துரு அந்தக் கணக்கைத் தீர்க்கிறது, அவ்வளவுதான். தேய்த்து முடித்து நாம் என்ன பூசுகிறோம்? ரெட் ஆக்சைடு. இரும்பைத் துருவிலிருந்து காக்க, இரும்பின் ஆக்சைடையே எண்ணெயில் குழைத்துப் பூசுகிறோம். இதை முதல் தடவை டப்பாவைத் திறந்தபோது யோசித்தேன். பிரஷ்ஷைத் தோய்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. நாள் முழுக்க இரும்பில் வேலை செய்துவிட்டு வந்தால் கையில் ஒரு வாடை இருக்கும். இரும்பு வாடை என்கிறோம். அது இரும்பின் வாடை இல்லை. தோலில் உள்ள எண்ணெய் வியர்வையில் கரைந்த இரும்போடு சேர்ந்து சிதையும்போது எழும் வாடை அது. கை படாத இரும்புக்கு அந்த மணம் கிடையாது. சோப்பு போட்டுக் கழுவியும் சோற்றில் அந்த வாடை ஏறுகிறது என்று வீட்டில் சொன்னபோது, அது என் வாடைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தத் தகரத்தைத் தட்டிய ஒவ்வொருவர் கையிலும் அன்றைக்கு அந்த மணம் இருந்திருக்கும்.

துருவை எடுக்க வழிகள் பல. வெளிநாட்டில் கரும்பாலைக் கழிவுப்பாகில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் விட்டும் எடுக்கலாம்; சின்னச் சாமான்களை நான் அப்படித்தான் எடுத்தேன். கதவுக் கீல், ஜன்னல் சுழற்றும் கைப்பிடி போன்றவற்றுக்குப் புளி. நம் வீட்டில் இரும்புச் சட்டிக்குச் செய்வதுதான். உப்புத்தாள் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆனால் எனக்கு நெருக்கமானது கடுக்காய். கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்த சாற்றைத் துருவின்மேல் பூசினால் அதிலுள்ள டானின் துருவோடு கூடிக் கருநீலமாகிறது. சில மணி நேரத்தில் கறுத்து இறுகி, மேற்கொண்டு பரவாமல் நிற்கிறது. கலம்காரி போடுகிறவர்கள் இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கறுப்பு, கடுக்காயில் நனைத்த துணியில் பிடிப்பதும் இதே சேர்க்கையால்தான். புளி துருவை எடுத்துவிடுகிறது, கடுக்காய் துருவை வைத்துக்கொண்டு அதன் வேகத்தை மட்டும் நிறுத்துகிறது. இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தொழில் விஷயமாக மட்டும் தெரிந்தது. எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாததுதான் இந்த வேலையின் பெரிய கஷ்டம். கெட்டியாக இருக்கிறது என்று நினைத்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே போய்விடும். ஓட்டையைச் சுற்றி நல்ல தகரம் வரும் வரை வெட்டு என்பார்கள். நல்ல தகரம் எங்கே தொடங்குகிறது? வெட்ட வெட்ட, அது இன்னும் இரண்டு விரல் தள்ளித்தான் இருக்கிறது.

இடது பக்கம் பிரித்தது ஒரு தை மாதத்துக் காலையில். சேசிஸிலிருந்து கதவுக்கு அடிப்பக்கமாக நீளும் கைச்சட்டங்கள் ஹெரால்டில் முதலில் இற்றுப்போகும். அது எந்த நாட்டிலும் அப்படித்தான். அந்த இடத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கனமான இரும்புப் பட்டை இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டை. ஆறு போல்ட்டு போட்டுச் சட்டத்தோடு முடுக்கியிருந்தது. இவ்வளவு பெரிய ஒட்டுவேலையை வெல்டு வைக்காமல் போல்ட்டில் ஏன் செய்தார் என்று முதலில் குழம்பினேன். வெட்டி எடுத்துவிடலாம் என்றுதான் மெஷினையும் கையில் எடுத்தேன். அன்றைக்கு மின்சாரம் இல்லை. அதனால்தான் அது பிழைத்தது. இரண்டு நாள் கழித்து நாமக்கல்லிலிருந்து ஒரு டிங்கரிங் மேஸ்திரி ஏறி வந்தார். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் நாற்பது வருடம் உழைத்தவர். பாயில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதைக் கழட்டாதீங்க சார்" என்றார். "ஏங்க மேஸ்திரி?" என்றேன். "ஸ்பிரிங் பட்டையில வெல்டு வெச்சா விட்டுப்போயிருங்க. ஆறினதும் பக்கத்துலயே விரிசல் விழும். இந்த ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் போல்ட்டு போட்டிருக்கான். சும்மா ட்ரில் இதுல இறங்காதுங்க. உலையில செக்கச்செவேல்னு காய்ச்சி, சாம்பல்ல பொதச்சு, ராத்திரி முழுக்க ஆறவுட்டுத்தான் ஓட்டை போட்டிருப்பான். பொறவு இதையே வளைவுக்குத் தக்கன தட்டியிருக்கான் பாருங்க." மேலே இருந்த தகர ஒட்டையும் தடவிப் பார்த்தார். ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் வைத்து அளந்தார். "இது பஸ் பாடி கட்டின கைங்க. கரூர்ப் பக்கமா இருக்கும்." வலது பக்கம் எங்கே என்று கேட்டார். வெட்டிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

'அசல்' என்ற சொல்லை அன்றிலிருந்து நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். பழைய கார்களை மீட்கிறவர்களின் பேச்சில் அதுதான் தெய்வம். அசல் நிறம், அசல் விளக்கு, அசல் பட்டன். ஆலையிலிருந்து வெளிவந்த நாளுக்குக் காரைத் திருப்புவதே லட்சியம். ஹெரால்டின் அடித்தகடுகளை இங்கிலாந்தில் இன்றும் புதிதாக அடித்து விற்கிறார்கள். வரவழைத்து மாட்டினால் 1966-ன் காலை திரும்பிவிடும். ஆனால் அந்த நாளை யார் விரும்புகிறார்கள்? அந்தக் காலை ஒன்றுதான் இந்தக் கார் யாருக்கும் எதுவும் செய்யாத நாள். நாமக்கல்லிலும் கரூரிலும் வண்டி என்பது இரண்டு முறை பிறக்கும் பொருள். சேசிஸும் இஞ்சினும் கம்பெனியிலிருந்து மொட்டையாக வரும். டிரைவர் பலகைமேல் உட்கார்ந்து முகத்தில் காற்று அடிக்க ஓட்டிவருவார். உடம்பைப் பட்டறை கட்டும். எங்கள் ஜில்லாவில் பட்டறைக் கை படாத வண்டியை யாரும் முழு வண்டியாக நினைத்ததில்லை. புதுக் காருக்கு வருடக்கணக்கில் பதிந்து காத்திருந்த காலம் அது, உதிரிப்பாகம் எட்டாக்கை. அந்தக் காலத்தில் இந்த ஹெரால்டை ஓடவைத்தது கம்பெனியின் உத்தரவாதம் இல்லை. உலை, சாம்பல், எண்ணெய் டின், ஆறு போல்ட்டு. ஒரு ராத்திரி முழுக்க ஒரு பட்டை சாம்பலில் ஆறுவதற்காகக் காத்திருந்த ஒரு மனிதர். அவர் பெயரை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. மிகெலோட்டியின் பெயர் எனக்குத் தெரியும். இவர் பெயர் தெரியாது. காரை 'அசலாக்க' நான் செய்ய வேண்டிய முதல் காரியம், இவர் செய்ததை அழிப்பது. இதைச் சரி என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

சட்டமும் இந்த விஷயத்தில் எனக்குத் துணையில்லை. ஐம்பது வருடம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியும் விதி 2021 ஜூலையில் வந்தது. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் சேரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடத்துக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். நிபந்தனை ஒன்று உண்டு. சேசிஸிலோ உடற்கூட்டிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்து பழுதுபார்த்திருக்கக் கூடாது. ஆறு போல்ட்டில் நிற்கும் லாரிப் பட்டை பெரிய மாற்றமா, சிறிய மாற்றமா? அதை மாட்டியிராவிட்டால் காருக்கு ஐம்பது வயது வந்தே இருக்காது. பழைய வண்டிகளைப் பேணுகிறவர்களின் உலகக் கூட்டமைப்பு 2012-ல் டுரின் நகரத்தில் ஏற்றுக்கொண்ட சாசனம் வேறு மாதிரிப் பேசுகிறது. வண்டி உழைத்த காலத்தில் அதில் ஏற்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, அவற்றையும் காக்க வேண்டும், பிறந்த நாளின் தோற்றத்துக்குத் திருப்பியே ஆக வேண்டும் என்பதில்லை என்கிறது. படித்தபோது ஆறுதலாக இருந்தது. மிகெலோட்டியின் ஊரிலிருந்தே அது வந்ததில் ஒரு சந்தோஷமும். ஆனாலும் சாசனம் என்னை விடுவிக்கவில்லை. கூரையைக் கழற்ற நினைத்த நானும் ஒரு மாற்றம் செய்கிறவன்தானே, என் மாற்றம் மட்டும் ஏன் வரலாறு ஆகாது என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். அவர் காரை ஓடவைப்பதற்காக மாற்றினார். நான் என் ஆசைக்காக மாற்ற இருந்தேன். இந்தப் பதில் போதுமா என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. கூரையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டேன். பலாப்பழக் குழியைத் தட்டி எடுக்கவும் இல்லை.

இந்த மலைக்கே ஒரு பழைய கனவு உண்டு. நற்றிணையில் 201-ஆவது பாட்டில் பரணர் கொல்லிப்பாவையைச் சொல்கிறார். பலா மிகுந்த இந்த மலையில் தெய்வம் காக்கும் பாவை. காற்று வந்து மோதட்டும், மழை கொட்டட்டும், இடி விழட்டும், நிலமே அதிரட்டும், அதன் உருவம் அழியாது. அதே பலா, அதே காற்று, அதே மழை. அவற்றுக்கு நடுவில் என் முற்றத்தில் நிற்பது, அவை ஒவ்வொன்றும் அழித்த ஒரு உருவம். காரை மீட்கிறவர்களுக்குள் எல்லாம் அந்தப் பாவைமேல் ஒரு ஆசை ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு இருந்தது. மழை படாத கொட்டகை, மெழுகு பூசிய பளபளப்பு, ஓடாத காரின் கெடாத அழகு. இப்போது அது எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. பாவையை யாரும் பழுது பார்க்க வேண்டியதில்லை. அதனால் அதில் யாருடைய கையும் இல்லை.

அந்தத் தகரத்தைத் தேடிப் போனேன். மலைக்கு வரும் வியாபாரியை மூன்றாவது வாரம் பிடித்து, அவர் சரக்கு இறக்கும் காயலான் கடைக்குக் கீழே இறங்கினேன். மிதித்து நசுக்கிக் கட்டிய தகரக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முந்தின மாதத்துச் சரக்கு உருக்கப் போய்விட்டது என்றார்கள். இருந்தாலும் அரை நாள் புரட்டிப் பார்த்தேன். மஞ்சளில் சிவப்பு எழுத்துள்ள டின்கள் நிறைய இருந்தன. எதுவும் அது இல்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எத்தனையாவதிலோ எண்ணிக்கை தவறிவிட்டது.

வேலை இன்னும் முடியவில்லை. இஞ்சின் ஜாம் ஆகிக் கிடந்தது. சிலிண்டர்களில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி ஐந்து வாரம் ஊறவைத்த பிறகு அசைந்து கொடுத்தது. பிரேக்கும் வயரிங்கும் பாக்கி. வலது பக்கத்துக்கு இங்கிலாந்துத் தகடு வரவழைக்கவில்லை. சாதாரணத் தகரத்தை மேஸ்திரி வெட்டிக்கொடுத்தார், நான் தட்டினேன். ரிவெட்டுக்கு ரிவெட்டு இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன். மூடுவதற்கு முன்னால் தகரத்தின் உட்பக்கத்தில் ஆணியால், வெட்டிப்போட்ட துண்டின் நீள அகலத்தையும் 'ணெய்' என்ற இரண்டு எழுத்தையும் வெட்டிய தேதியையும் கீறி வைத்தேன். இடது பக்கத்துப் பட்டையைக் கழற்றவில்லை. அதன்மேல் ரெட் ஆக்சைடும் அடிக்கவில்லை. கடுக்காய்ச் சாறு மட்டும் மூன்று தடவை பூசியிருக்கிறேன். பட்டை கறுத்து இறுகியிருக்கிறது. ஆறு போல்ட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.